அக்கா பேஸ் கிட்டார் வாசித்த வருஷம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், அப்புறம் சர்க்கரையைப் பற்றி. அதெல்லாம் முடிந்து, நான் கல்கத்தாவில் வளர்ந்தவள் என்று தெரிந்ததும், அங்கே வீட்டுக்கு வீடு பாட்டுப் பாடுவார்களாமே என்று கேட்பீர்கள். பாடினார்கள்தான். எங்கள் வீட்டிலும் ஒருத்தி பாடினாள். ஆனால் அவள் பாட்டை நிறுத்திய பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. அந்த ஒரு மழைக்காலமும் அதை ஒட்டி வந்த குளிர்காலமும்.

டாலிகஞ்சில் ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு அலிப்பூரில் அரசாங்க வேலை. அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். காய்கறிக்காரனோடு பேரம் பேசும் அளவுக்குத்தான் அவளுக்கு வங்காளம் தெரியும். எனக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தால் வங்காளத்தில்தான் திட்டிக்கொள்வோம், அம்மாவுக்குப் புரியக்கூடாது என்பதற்காக. எனக்குப் பன்னிரண்டு வயது. அக்கா பத்தொன்பது, கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

சின்ன வயதிலிருந்து அக்கா ஒரு பாட்டு டீச்சரிடம் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாடுவாள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருஷம் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, இவள் மேல் ஸ்தாயிக்குப் போனால் சுருதி விலகுகிறது, திருத்தினால் காதில் வாங்குவதே இல்லை, மனசு வேறெங்கோ இருக்கிறது, கொஞ்சம் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தக் 'கொஞ்சம் கவனியுங்கள்' என்பதற்கு அந்த நாளில் ஒரே அர்த்தம்தான் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா மறுவாரமே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். சமையலறையிலிருந்து அம்மா கத்துவாள்: "ஏட்டி, எத்தன தடவ கூப்பிடுதேன், காது கேக்கலியா?" அக்கா அப்போதும் வரமாட்டாள். திமிர் என்றாள் அம்மா. வயசு அப்படி என்றார் அப்பா.

*

ஆவணி மாதத்து மழை ஒன்றில் மாட்டிக்கொண்டோம். மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது சினிமா ஸ்டுடியோவின் பின்பக்கச் சந்தில் ஒரு தகரக் கொட்டகையின் கீழ் ஒதுங்கினோம். உள்ளே யாரோ டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்கள், கூடவே கனமாக ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. அக்கா தகரச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு நெற்றியையும் வைத்தாள். மழை விட்டுவிட்டது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் நகரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வருஷமாக அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்க்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வந்தவரைத்தான் பின்னாளில் நான் டிரம்-தா என்று அழைத்தேன். அங்கே அண்ணன் முறையில் அழைக்க 'தா' சேர்ப்பது வழக்கம். உள்ளே இன்னொருவர் இருந்தார். அவர் பாடுவார், கிட்டார் வாசிப்பார், பாட்டும் எழுதுவார். அவர் எனக்குப் பாட்டு-தா. மூன்றாவதாக ஒருவர் பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்து அந்த மாதக் கடைசியில் போகப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். போகும்போது கிட்டாரை விட்டுவிட்டுப் போனார். அது மூன்று பேரும் சேர்ந்து வாங்கியது.

அதை வாசிக்க யாரும் வரவில்லை. பேஸ் கிட்டார் என்றால் நாலு தடித்த கம்பிகள், அடித் தொண்டையில் பேசுவது போன்ற சத்தம். தனியாகக் கேட்டால் பாட்டாகவே இருக்காது. அது நின்றால்தான் ஏதோ குறைகிறதென்று தெரியும். ஊரிலுள்ள பையன்களெல்லாம் முன்னால் நின்று வாசிக்கும் கிட்டாரைத்தான் கேட்டார்கள். அக்கா மட்டும்தான் இதைக் கேட்டாள்.

வீட்டில் அவள் எதையும் மறைக்கவில்லை. நேராகவே சொன்னாள். அம்மா அரை நாள் அழுதாள். அப்பா யோசித்துவிட்டு, மறுபடியும் சங்கீதத்தில் ஆர்வம் வந்தால் சரி, பரீட்சை வரைக்கும் போகட்டும் என்றார். ஒரே நிபந்தனை, தங்கை கூடப் போகவேண்டும்.

*

அந்தக் கொட்டகை சினிமா செட்டுகளைப் போட்டுவைக்கும் கோடவுன். டிரம்-தாவின் தாய்மாமாதான் அதற்குக் காவல். வங்காளத்திலும் அவர் மாமாதான் என்பதால் எங்களுக்கும் மாமாவாகிவிட்டார். ஒட்டுப்பலகையில் வரைந்த அரண்மனைச் சுவர்கள், தும்பிக்கை உடைந்த பிளாஸ்டர் யானை, எங்கேயும் போகாமல் நடுவில் நின்றுவிடும் ஒரு மரப்படி. சத்தம் வெளியே போகாமலிருக்க ராஜா காலத்து வெல்வெட் திரைகளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். பசை, ஈரமான அட்டை, எலி, வியர்வை எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. இன்றைக்கும் பழைய அலமாரி எதையாவது திறந்தால் அந்த வாசனை வந்து போகும்.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மரப்படியில் வெறுங்காலோடு நிற்பாள். பேஸ் கிட்டாரின் ஸ்பீக்கர் பெட்டியை அந்தப் படியிலேயே வைக்கச் சொல்லியிருந்தாள். கிட்டார் சிவப்பு நிறம், பாதி பெயின்ட் உரிந்துபோயிருந்தது. அதன் உடம்பின் மேல் பக்கம் கொம்பு போல நீட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கொம்பில் தாடையை அழுத்திக்கொண்டு, டிரம்-தாவின் வலது காலைப் பார்த்தபடியே வாசிப்பாள். அந்தக் கால் பெரிய டிரம்மின் மிதியை அழுத்துவதும் அவள் விரல் கம்பியை இழுப்பதும் ஒன்றாக நடக்கும். தாடையை வைப்பது ஒரு ஸ்டைல் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பாட்டு-தா கூடத் தன் கிட்டாரில் அப்படிச் செய்து பார்த்தார், அவருக்குப் பல் வலித்தது.

அவர்கள் பாடியதெல்லாம் சொந்தப் பாட்டு, வங்காளத்தில். மினி பஸ் கண்டக்டரைப் பற்றி ஒன்று, மழைத்தண்ணீர் புகுந்த வீட்டைப் பற்றி ஒன்று. அந்த இரண்டாவது பாட்டுக்கு அடியில் ஓடுகிற மெட்டு அக்கா போட்டது. தண்ணீர் ஏறுவது போலவே இருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி மேலே. அதை மாமாவின் டேப்ரெக்கார்டரில் ஒரு தடவை பதிவு செய்தோம். அந்த கேசட் எங்கள் வீட்டில்தான் இருந்தது. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது. இப்போது கிடைத்தாலும் ஓட்டிப் பார்க்கக் கருவி இல்லை.

குழுவுக்கு வாரம் ஒரு பெயர் வைத்தார்கள். துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு கிளப் விழாவில் முதல் மேடை கிடைத்தது. மூன்றாவது பாட்டிலேயே கூட்டம் சினிமாப் பாட்டு கேட்டுக் கூச்சல் போட்டது. யாரோ வேர்க்கடலைத் தோலை வீசினார்கள். பாட்டு-தாவின் குரல் நடுங்கி நின்றுவிட்டது. அக்கா மட்டும் ஒன்றும் நடக்காதது போல வாசித்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பிடித்துக்கொண்டு டிரம்ஸ் தொடர்ந்தது, பாட்டும் மறுபடி வந்தது. இறங்கியதும், இந்தப் பெண்ணுக்கு இரும்பு நெஞ்சு என்று பாட்டு-தா எல்லாரிடமும் சொன்னார். டிரம்-தா குச்சிகளைக் கையில் வைத்தபடி நின்றார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அந்தக் காலத்து லோட்ஷெட்டிங் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பட்டப்பகலில் கரண்ட் போய்விடும். வெளியே வெயில் அடித்தாலும் ஜன்னலே இல்லாத கோடவுனுக்குள் கண் தெரியாது. அப்போது எல்லாரும் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடித்துக்கொண்டு பேசுவார்கள். இருட்டிவிட்டால் அக்கா மட்டும் பேசமாட்டாள். கேட்ட கேள்விக்கும் பதில் வராது.

ஒருநாள் டிரம்-தா ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு அவளிடம் ஏதோ கேட்டார். அக்கா உடனே பதில் சொன்னாள். அதன் பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் அப்படித்தான். எல்லாரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அவளிடம் பேசவேண்டுமென்றால் அவர் மெழுகுவர்த்தியைத் தன் முகத்துக்குக் கொண்டுபோவார். அங்கே ஒருவரைக் கூப்பிட 'ஷுன்ச்சிஸ்' என்பார்கள், கேட்கிறாயா என்று அர்த்தம். அவர் அக்காவிடம் மட்டும் அதைச் சொல்வதை விட்டுவிட்டு 'தேக்' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார், பார் என்று. எனக்கு அது ஏதோ விளையாட்டாகத் தோன்றியது.

காளி பூஜை முடிந்த ஒரு மத்தியானம். ஊரின் இன்னொரு கோடியில், சால்ட் லேக்கில் வீடு கட்டிக்கொண்டிருந்த பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்களைக் காணாமல் விசாரித்திருக்கிறார். அம்மா தயங்கித் தயங்கிச் சொல்ல, அவரே அழைத்துவர வந்துவிட்டார். அவர் கோடவுன் கதவைத் திறந்தபோது உள்ளே கரண்ட் இல்லை. வெல்வெட் திரைக்கு நடுவே ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதற்குப் பின்னால் ஒரு வங்காளிப் பையனின் முகம். எதிரே ஒரு சாண் தூரத்தில் தன் தம்பி மகள், வைத்த கண் வாங்காமல் அந்தப் பையனின் உதட்டையே பார்த்துக்கொண்டு.

அவர் சத்தம் போடவில்லை. "வீட்டுக்கு வா" என்று மட்டும் சொன்னார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் போயிற்று. அடுத்து அவர் செய்ததை எல்லாம் யோசித்தால், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது. அவர் கூப்பிட்டு, அவள் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

அவர் ஸ்டுடியோ மேனேஜரைப் போய்ப் பார்த்தார். கோடவுனில் பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு பையன்கள் கூத்தடிக்கிறார்கள் என்று புகார் சொன்னார். இரண்டு நாளில் கோடவுனுக்குப் புதுப் பூட்டு வந்தது. மாமாவைக் காவல் வேலையிலிருந்து எடுத்து, பலகை தூக்குகிற வேலையில் போட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு அது கஷ்டம். டிரம்ஸைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு டிரம்-தா எங்கள் கட்டிடத்தைத் தாண்டிப் போனதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்கா கல்லூரிக்கு மட்டும் போய் வந்தாள், அப்பா கூடவே போய் விட்டு வந்தார். நீ அவனைக் காதலிக்கிறாயா என்று அம்மா அழுதுகொண்டே கேட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அக்கா "என்ன?" என்றாள். அம்மா மறுபடி கேட்டாள், அக்கா மறுபடியும் "என்ன?" என்றாள். மூன்றாவது தடவை அம்மா அறைந்துவிட்டாள்.

மார்கழிக்கு முன்னால் முடித்துவிடவேண்டும் என்று பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். எஃகு ஆலை ஊர் ஒன்றில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, நம்மூர்க் குடும்பம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா கேசரியும் பஜ்ஜியும் செய்திருந்தாள். அக்கா காபித் தட்டை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மாப்பிள்ளையின் தாயார் அவள் முதுகைப் பார்த்து, எந்த வருஷம் படிக்கிறாய் அம்மா என்று அன்பாகத்தான் கேட்டார். அக்கா நடந்துகொண்டே இருந்தாள். அவர் கொஞ்சம் சத்தமாக மறுபடி கேட்டார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, பெண்ணுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். பெரியப்பா குனிந்த தலை நிமிராமல் அவர்கள் பின்னாலேயே படியிறங்கிப் போனார்.

அம்மா உள்ளே போய்க் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவளை அப்பா கையமர்த்தி நிறுத்தினார். சமையலறையில் அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எப்போதும் கூப்பிடுகிற சத்தத்தில். அப்புறம் உள்ளே இரண்டடி வைத்து, இன்னும் கொஞ்சம் உரக்க. அப்புறம் அவள் தோளுக்குப் பின்னாலேயே நின்று. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்கா டம்ளரைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். திரும்பியவள் அப்பாவை அவ்வளவு பக்கத்தில் பார்த்துத் திடுக்கிட்டாள். பிறகு எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள்.

"எப்ப இருந்து?" என்றார் அப்பா.

"ரெண்டு வருஷம் இருக்கும்ப்பா. மொதல்ல பாட்டு டீச்சர் தம்பூரா கேக்காமப் போச்சு. அப்பறம் நீங்க எல்லாரும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா பாட்டு போயிரும்னு நெனச்சேன். அது எப்படியும் போயிருச்சு."

"யாருக்குமே தெரியாதா?"

"டிரம்-தாவுக்குத் தெரியும். நான் சொல்லல. அவனாக் கண்டுபிடிச்சான்."

அப்பா அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "காது கேக்கலியா, காது கேக்கலியான்னு தெனமும் கேட்டேனே. ஒரு நாளாவது பதிலத் தெரிஞ்சுக்கணும்னு கேட்டேனா நான்."

*

காது டாக்டர் பரிசோதித்துவிட்டு, நரம்பு பலவீனம், சின்ன வயதிலேயே ஆரம்பித்திருக்கும் என்றார். மேல் சத்தங்கள் முதலில் போகும், கீழ்ச் சத்தங்கள் கடைசியாகப் போகும், நிறுத்த மருந்து கிடையாது என்றார். கருவி ஒன்று எழுதிக் கொடுத்தார். அக்கா நாலு கம்பி கிட்டாரை ஏன் எடுத்தாள் என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்த சத்தம் அதுதான். கொம்பில் தாடையை வைத்து எலும்பு வழியாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தகரக் கொட்டகைச் சத்தத்தில்தான் காது போயிற்று என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவருக்கே காது மந்தமானபோதும், மற்றவர்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்றார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். பயந்தவர்.

அப்பா மாமாவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனார். போனவர் அங்கே என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. மாமாவுக்குப் பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஸ்டுடியோவில் அப்பாவின் பேச்சு எடுபடவில்லை. புகார் சொல்வது சுலபமாக இருந்தது, அதைத் திரும்ப வாங்குவதற்குத்தான் ஆள் பிடிக்க முடியவில்லை. ஆனால் சில நாள் கழித்து டிரம்-தா எங்கள் வீட்டுக்கு வந்தார். அங்கே சரஸ்வதி பூஜை நம்மூர் போல நவராத்திரியில் இல்லை, தை மாசி வாக்கில் வரும்; அதற்கு அவர்கள் தெருவில் விழா, அக்கா வாசிக்கவேண்டும் என்றார். அப்பா உடனே சரி என்றார். அம்மா அவருக்கு உப்புமா கொடுத்தாள். அவர் சர்க்கரை கேட்டு வாங்கித் தூவிச் சாப்பிட்டார்.

டிரம்-தாவின் பேச்சு இன்றும் எங்கள் வீட்டில் வந்து போகும். அவரும் அக்காவும் காதலித்தார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். நான் ஒருமுறை அக்காவிடமே எழுதிக் கேட்டேன், இப்போது அவளிடம் எழுதித்தான் கேட்கவேண்டும். அவள் சிரித்துவிட்டு, அவன் என்னைக் கவனித்தான், அதற்கு வேறு பெயர் வைக்க நேரமிருக்கவில்லை என்று எழுதினாள்.

*

சரஸ்வதி பூஜை சாயங்காலம், தெருவில் மூங்கில் பந்தல். மஞ்சள் சேலையில் பெண்கள், சாமந்திப் பூ, கிச்சடி வாசனை. அப்பா அலுவலகத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தார். மரப்படி இல்லை என்பதால் டிரம்-தா இரண்டு பலகைகளைக் கொண்டுவந்து போட்டு அதன் மேல் ஸ்பீக்கரை வைத்திருந்தார். அக்கா காதுக் கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பை விட்டுவிட்டு ஏறினாள்.

தண்ணீர் புகுந்த வீட்டுப் பாட்டை வாசித்தார்கள். இந்தத் தடவை யாரும் கூச்சல் போடவில்லை. மெட்டு ஒவ்வொரு சுற்றாக ஏற ஏற, அப்பா தன் காலணியைக் கழற்றினார். கோட்டும் டையுமாக, காலுறையோடு இருந்த பாதங்களைத் தரையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது சைக்கிள் ரிக்‌ஷாவில் அப்பா, அக்கா, நான் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். நான் அக்காவின் மடியில். வழியில் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அது தெரியவில்லை. அவர் ரிக்‌ஷாக்காரரை நிறுத்தச் சொன்னார். இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, தெருவிளக்கு தன் முகத்தில் விழும்படி நின்றார்.

"நாளைக்கு எத்தன மணிக்கு பிராக்டீஸ்? நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அக்கா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு இல்லப்பா" என்றாள். "பாட்டு-தா வேற ஆள் பாத்துட்டான். எனக்கு இன்னுங் கொஞ்ச நாள்ல இதுவும் கேக்காதுல்ல, அதான். இன்னிக்கு ஒரு நாள் நான் வாசிக்கணும்னு டிரம்-தாதான் சண்டை போட்டு வாங்கினான்."

அப்பாவின் வாய் அசைந்தது. சத்தம் வந்ததா என்று எனக்கு நினைவில்லை. அக்காவுக்குப் புரிந்திருக்கவேண்டும், பரவாயில்லை என்று தலையை ஆட்டினாள். ரிக்‌ஷாக்காரர் மணியை ஒருமுறை அடித்தார். அப்பா மறுபடி ஏறவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லிவிட்டு, ஓரக் கம்பியில் கையை வைத்தபடி, வீடு வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.